பண்ணாடிக்கு ஆகாத கினோவா

கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் உணவு ஆலோசகராக வேலை செய்கிறேன். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, கிட்னி கோளாறு என்று வருகிறவர்களிடம் எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்வது என் பிழைப்பு. யாராவது ஆசைப்பட்டுக் கேட்டால் கொஞ்சம் விட்டுக்கொடுப்பேன். தீபாவளிக்கு ஒரு லட்டு, பேரன் பிறந்தநாளுக்கு ஒரு துண்டு கேக். சோற்றோடு சண்டை போட்டுக்கொண்டு மனுசன் ரொம்ப நாள் ஓட முடியாது என்பது என் எண்ணம். ஒரே ஒருவரிடம் மட்டும் ஒரு பிடிகூட விட்டுக்கொடுக்கவில்லை. அதைத்தான் எழுதுகிறேன். வருத்தப்பட்டு எழுதுவதாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அவர் உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பும் தக்காளிக் காடும் வைத்திருந்தவர். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் என் அம்மாவும் அப்பாவும் அவரிடம்தான் கூலிக்குப் போனார்கள். எங்கள் சனம் நிலக்காரரைப் பண்ணாடி என்று கூப்பிடும். பெயர் சொல்லும் வழக்கம் கிடையாது. அவரும் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அம்மாவைக் கூப்பிட 'ஏ', என்னைக் கூப்பிட 'ஏ புள்ளே'. அவ்வளவுதான்.

அப்போது அம்மா மாசமாக இருந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் கண் இமையை இழுத்துப் பார்த்த டாக்டரம்மா, உடம்பில் ரத்தமே இல்லை என்று திட்டிவிட்டு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். கீரையும் பயறும் நிறையத் தின்னச் சொன்னார். மாத்திரை அம்மாவுக்குக் குமட்டியது. பயறு வாங்க வழியில்லை. கீரைக்கு மட்டும் பஞ்சம் இல்லை. மார்கழிக் குளிரில் தக்காளிப் பாத்திகளுக்கு நடுவே சக்கரவர்த்திக்கீரை தானாகவே முளைத்துக் கிடக்கும். இலையின் அடியில் மாவு தடவினதுபோல் வெளுப்பாக இருக்கும். களை என்று பிடுங்கி வரப்பில் எறிந்துவிடுவோம். அதில் இளசாகப் பார்த்துக் கிள்ளி அம்மா மடியில் கட்டிக்கொண்டாள்.

அன்று எனக்குப் பள்ளிக்கூடம் லீவு. நானும் களையெடுக்கப் போயிருந்தேன். வேலை முடிந்து கிணற்றடியில் கைகால் கழுவும்போது அவர் வந்தார்.

"ஏ, மடியில என்னத்தக் கட்டியிருக்கறே?"

"கீரைங்க சாமி. டாக்டரம்மா திங்கச் சொன்னாங்க. ரத்தம் இல்லீங்களாம்."

"என்னைக் கேட்டியா?"

"களைதானுங்க சாமி. வரப்புல போடறதுதானுங்க."

அவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூட இத்தனை வருசம் என் நெஞ்சில் நின்றிருக்காது. சிரித்துக்கொண்டே சொன்னார். "கூலிக்கு வந்தவளுக்கு எதுக்குச் சத்து? மாடு தின்னாப் பாலாச்சும் கறக்கும். கொட்டு."

அம்மா மடியை அவிழ்த்துக் கொட்டினாள். ஒட்டிக்கொண்டிருந்த இலைகளை உதறச் சொன்னார். உதறினாள். கட்டியிருந்த எருமை கழுத்தை நீட்டி அதைத் தின்றது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கொஞ்ச நாளில் அம்மா வேலைக்காட்டில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றி அவளைக் காப்பாற்றினார்கள். குழந்தை தங்கவில்லை. எனக்குத் தம்பியாக வந்திருக்க வேண்டியவன். ஒரு மடிக் கீரையைத் தின்றிருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு வேளைக் கீரையில் ரத்தம் ஊறிவிடாது என்று இப்போது எனக்குத் தெரியும். கீரையில் இருக்கிற இரும்பை உடம்பு லேசில் எடுத்துக்கொள்ளாது என்பதும் தெரியும். ஆனால் அந்தச் சிரிப்புக்கும் தம்பிக்கும் நடுவில் நான் ஒரு கோடு போட்டுவிட்டேன். அது அழியவே இல்லை. பிளஸ் டூ முடித்ததும் என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டவர்களிடம் சத்துணவு பற்றிய படிப்பு என்று சொன்னேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு வேறு ஏதோ பதில் சொன்னேன். சத்து யாருக்கு என்று முடிவு செய்கிற நாற்காலியில் நான் உட்கார வேண்டும். வேறு காரணமே இல்லை.

அப்பா காலமான பிறகு அம்மா என்னோடு சிங்காநல்லூருக்கு வந்துவிட்டாள். ஊரை நினைத்து ஒரு நாளும் ஏங்கியதில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, கதவைச் சாத்தினால் யாரும் 'ஏ' என்று கூப்பிடுவதில்லை, அது போதும் அவளுக்கு. ஆனால் ரத்தக்குறைவு விடவில்லை, கூடவே சர்க்கரையும் வந்தது. அந்தச் சமயத்தில்தான் என்னிடம் வருகிறவர்கள் எல்லாம் கினோவா, கினோவா என்று கேட்க ஆரம்பித்தார்கள். கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று தேடிப் படித்தேன். தென்னமெரிக்க மலைப்பக்கத்து விதை. அரிசி, கோதுமைபோலப் புல்வகைத் தானியம் அல்ல. கீரைக் குடும்பத்தில் வருவது. எந்தக் கீரை என்று பார்த்தால், சக்கரவர்த்திக்கீரைக்கு நேர்ப் பங்காளி. அதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மாடியில் போய் நின்றேன். எருமைக்குப் போட்ட அந்தக் களையின் உறவுக்காரி, ரேஸ்கோர்ஸ் பக்கத்துக் கடைகளில் கண்ணாடி பாட்டிலுக்குள் உட்கார்ந்திருந்தாள்.

வாங்கி வந்தேன். முதல் தடவை கழுவும்போது அம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஏங்கண்ணு, சோப்பா போட்டே? இப்பிடி நுரைக்குது!"

"அதும்மேல கசப்பு ஒண்ணு இருக்குதும்மா. பூச்சி, குருவி திங்காம இருக்கறதுக்கு அதுவா பூசி வெச்சுக்கிட்டது. நுரை போற வரைக்கும் தேச்சுக் கழுவோணும். இல்லீன்னா நாக்குல வெக்க முடியாது."

வெந்ததும் ஒவ்வொரு விதையிலிருந்தும் சின்ன வால்போல வெள்ளை முளை வெளியே சுருண்டு வந்தது. அம்மா அதை விரலில் ஒட்டவைத்து வெளிச்சத்தில் பார்த்தாள். பச்சைப்பயறும் கேரட்டும் போட்டு உப்புமாப் பதத்தில் கிளறி எலுமிச்சை பிழிந்து கொடுத்தேன். எலுமிச்சை ருசிக்கு மட்டும் இல்லை. புளிப்பு சேர்ந்தால்தான் செடியில் இருக்கிற இரும்பு உடம்பில் இறங்கும். தின்றவுடன் டீ குடித்தால் வந்த இரும்பும் வீண். அதனால் அம்மாவின் டீயைத் தள்ளிப்போட்டேன். அதற்கு மட்டும் இன்றுவரை என்னைத் திட்டுகிறாள்.

என்னிடம் கேட்கிறவர்களிடம் ஒளிக்காமல் சொல்வேன். நல்ல பொருள்தான். உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத புரதத் துண்டுகள் எல்லாம் அதில் இருக்கின்றன. அரிசியில் ஒன்று குறைகிறது, அதனால்தான் சோற்றோடு பருப்புச் சேர்க்கிறோம். கினோவா தனியாகவே அந்த வேலையைச் செய்யும். நார்ச்சத்து உண்டு, மெக்னீசியம் உண்டு, கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களும் சாப்பிடலாம். சோற்றைவிட மெதுவாகச் சர்க்கரையை ஏற்றும். ஆனால் மருந்து அல்ல. கணக்கில்லாமல் தின்றால் அதுவும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். கம்பும் ராகியும் கொள்ளும் வீட்டில் இருக்கிறவர்கள் இதற்காக அலைய வேண்டாம். அம்மாவுக்கு அது பிடித்துவிட்டது, அதனால் எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது.

போன வருசம் ஒரு காலை வேளையில், என் அறை வாசலில் நின்ற உதவியாளரை யாரோ "ஏ" என்று கூப்பிட்டார்கள். முகத்தைப் பார்க்கும் முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

உள்ளே வந்தார். சட்டை தோளிலிருந்து தொங்கியது, கால் வீங்கியிருந்தது. பின்னாலேயே அவர் மகள். என் வயதுதான் இருக்கும். ஆர்.எஸ்.புரத்தில் இயற்கை உணவுக் கடை வைத்திருப்பதாகச் சொன்னாள். நல்ல மாதிரி. பேச்சில் மரியாதையும் இருந்தது, அப்பா மேல் பாசமும் இருந்தது. அவளை வெறுக்க எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அது எரிச்சலாக இருந்தது.

"என்ற அப்பாவுக்குச் சர்க்கரைன்னு சோத்தையே நிறுத்திப்போட்டேனுங்க மேடம். மூணு வேளையும் கீன்வாதானுங்க. கூடவே கீரை, கொள்ளு, காலைல இளநீ. எல்லாம் நம்ம தோப்புதுங்க. சுத்தமா மருந்தடிக்காததுங்க. அப்பிடியும் ஏனோ உடம்பு தேறவே மாட்டீங்குது."

கீன்வா என்று அவள் சொன்னது கினோவாவைத்தான். அவள் கொடுத்தது ஒவ்வொன்றும் நல்ல பொருள்தான். ஆள்தான் தப்பு. ரத்தப் பரிசோதனையைப் பார்த்தேன். சிறுநீரகம் பாதிக்கு மேல் கெட்டிருந்தது. பொட்டாசியம் எல்லை தாண்டியிருந்தது, பாஸ்பரசும்தான். நல்ல சிறுநீரகம் வேண்டியதை வைத்துக்கொண்டு மீதியை வெளியே தள்ளும். கெட்டுப்போனது தள்ளாது. சத்து எல்லாம் உள்ளேயே தேங்கும். பொட்டாசியம் தேங்கினால் இதயத்தையே நிறுத்திவிடும். டாக்டரும் அதைச் சொல்லித்தான் என்னிடம் அனுப்பியிருந்தார்.

"சொல்லு கண்ணு, நான் என்ன திங்கலாம்?" என்றார் அவர்.

கண்ணு. எங்கள் பக்கம் பிரியமாகக் கூப்பிடுகிற சொல். என்னை யார் என்று தெரியாமல்தான் அது அவர் வாயிலிருந்து வந்தது. நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பல வருசமாக எனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்திருந்த வாக்கியம் போல இருந்தது. ஆனால் அப்போதுதான் வந்தது.

"உங்களுக்குச் சத்து ஆகாதுங்க."

மகள் திகைத்தாள். "என்னங்க மேடம் சொல்றீங்க?"

"கினோவா ரொம்பச் சத்தான பொருளுங்க. அதனாலதான் இவருக்கு ஆகாதுங்கறேன். கீரை ஆகாது. கொள்ளு ஆகாது. இளநீயத் தொடவே கூடாதுங்க."

"எங்க தோப்பு இளநீ கண்ணு," என்றார் அவர், அது ஏதோ தனிச்சலுகை மாதிரி.

"எந்தத் தோப்பா இருந்தாலும் கூடாதுங்க."

"அப்பறம் என்னதான் திங்கறது?"

"வெள்ளைச் சோறுங்க. நல்லா பாலீஷ் போட்ட அரிசி. காயப் பொடியா நறுக்கி, நிறையத் தண்ணில வேக வெச்சு, அந்தத் தண்ணியக் கீழ ஊத்திப்போட்டுச் சக்கைய மட்டும் சாப்பிடுங்க. உப்பு ரொம்பக் கம்மியா. சோத்துக்கும் அளவு இருக்குதுங்க, சர்க்கரை இருக்கறதால."

அத்தனையும் மருத்துவம். ஒரு சொல் பொய் இல்லை. எந்த உணவு ஆலோசகரிடம் போனாலும் இதையே சொல்வார்கள். கூலிக்காரர் வீட்டுத் தட்டில் விழுகிற சத்தில்லாத வெள்ளைச் சோறு அவருக்கு மருந்து என்று என் வாயால் சொல்லக் கிடைத்தது. அந்த வாய்ப்புக்கு யாருக்கு நன்றி சொல்வது என்றுதான் தெரியவில்லை.

மகள் கெஞ்சினாள். "வாரத்துல ஒரு நாள் கொஞ்சூண்டு கீன்வா குடுக்கலாமுங்களா மேடம்? அப்பாவுக்கு நாக்கு பழகிப்போச்சு."

இங்கேதான் இடம் இருந்தது. ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்து, அளந்து ஒரு சின்னக் கரண்டி என்றால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. இதே மாதிரி உடம்போடு வந்த வேறு சிலருக்கு நான் அப்படி விட்டுக்கொடுத்திருக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்தேன். கேட்டுவிட்டுக் காத்திருந்த முகம். அன்று கிணற்றடியில் எங்கள் அம்மா முகம் எப்படி இருந்ததோ அப்படி.

"கூடாதுங்க," என்றேன்.

எழுந்து போகும்போது கேட்டார். "உனக்கு எந்த ஊரு கண்ணு?"

"உடுமலைப் பக்கம்ங்க."

"அட! உடுமலைல எங்க? யாரு ஊடு?"

அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். அடுத்தவரைக் கூப்பிட மணியை அழுத்தினேன்.

நோயாளிகளைப் பற்றி வீட்டில் பேசக்கூடாது. நான் பேசியதும் இல்லை. அன்று சாயங்காலம் பேசினேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவர் வந்தார், இன்ன நிலைமையில் இருக்கிறார் என்று சொன்னேன். பாவம் என்று சொல்வாள், போனது போகட்டும் விடு கண்ணு என்பாள் என்று எதிர்பார்த்து, அதற்குப் பதில் வேறு தயாராக வைத்திருந்தேன்.

அம்மா கையை நிறுத்தாமல் கேட்டாள். "என்ன திங்கச் சொன்னே?"

"வெள்ளச்சோறு. வடிச்ச காய்."

"கீரை?"

"ஆகாது."

அவள் சிரித்தாள். அந்த மாதிரி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. முருங்கைக்காம்பைத் தள்ளி வைத்துவிட்டு, "மறுபடி எப்ப வாரான்?" என்றாள்.

"அடுத்த மாசம். எதுக்கு?"

"எனக்கு ரத்தம் பாக்கோணும்னு நீதானே நச்சரிக்கறே? அன்னிக்கே வாரேன்."

"அம்மா, அது ஆஸ்பத்திரி. அங்க வந்து சண்டை கிண்டை போடக்கூடாது."

"சண்டை எதுக்குப் போடறேன்? ரத்தம் குடுத்துப்போட்டு, பசிச்சா என்ற டப்பாவத் தொறந்து திம்பேன். அதுல என்ன தப்பு?"

தப்பு ஒன்றும் இல்லை என்று நானும் முடிவு செய்துகொண்டேன்.

அந்த நாளில் அம்மா தன்னிடம் இருந்ததிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டாள். நான் சொல்லாமலேயே டிபனுக்குக் கினோவாதான் வேண்டும் என்றாள். தேங்காய் துருவிப் போட்டு, கறிவேப்பிலையும் இஞ்சியும் நெய்யில் தாளித்து, வேகவைத்த பச்சைப்பயறு சேர்த்துக் கொடுத்தேன். சாப்பிடாமல் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, என் அறைக்கு வெளியே இருக்கிற நாற்காலி வரிசைக்கு வந்தாள். அவர் ஏற்கனவே அங்கே உட்கார்ந்திருந்தார். மகள் மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். அம்மா அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஊரில் அவர் முன்னால் நின்றுதான் பழக்கம். பக்கத்தில் உட்காருவது அதுதான் முதல் தடவை.

என் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. டப்பாவைத் திறந்ததும் வாசனை எனக்கே வந்தது.

"என்னம்மா அது, கமகமங்குது?" என்றார் அவர். அம்மாவை அவருக்குத் தெரியவில்லை.

"கினோவாங்க. மக ஆக்கிக் குடுத்தா. ரத்தம் ஊறுமாமா."

"எனக்கும் அதுதான் குடுத்துட்டு இருந்தாங்க. இங்க வந்தப்பறம் நிறுத்திப்போட்டாங்க. உப்பும் இல்ல, ஒறப்பும் இல்ல, நாக்கு செத்துக் கெடக்குது." கொஞ்சம் தயங்கினார். "ஒரு வாய் குடேன் ஆத்தா."

அம்மா கரண்டியை டப்பாவில் வைத்தாள். என் அறையைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டாள். "ஏங்கண்ணு! இவருக்கு ஒரு வாய் குடுக்கலாமா?"

நான் வெளியே வந்து நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "உன்ற அம்மாவா கண்ணு?"

"ஆமாங்க," என்றேன்.

"என்னைத் தெரியலீங்களா?" என்றாள் அம்மா. "உங்க தக்காளிக் காட்டுல களையெடுத்தவ. மாசமா இருக்கறப்ப மடியில கீரை கட்டிட்டு வந்தேன். கொட்டச் சொன்னீங்க. எருமை தின்னுச்சு."

அவர் முகத்தில் பயமோ கூச்சமோ தேடினேன். இல்லை. நிஜமாகவே யோசித்தார். நெற்றி சுருங்கியது. "எந்தக் கீரை? எத்தனையோ பேர் வேலைக்கு வருவாங்க. எனக்கு அப்பிடி ஒண்ணும்..." என்று இழுத்தார்.

நான் நினைத்துப் பார்க்காத இடம் அது. இத்தனை காலம் நான் சுமந்தது அவரிடம் இருக்கவே இல்லை. கத்த வேண்டும் போல இருந்தது.

அம்மா அசையவில்லை. "நெனப்பு இல்லீங்களா? செரி. இனி இருக்கும்," என்றாள்.

பிறகு என்னைப் பார்த்தாள். பதிலுக்காகக் காத்திருந்தாள். ஒரு வாயில் அவர் செத்துவிடமாட்டார். அது எனக்கும் தெரியும்.

"ஒரு வாய்கூடக் குடுக்கக் கூடாதும்மா," என்றேன்.

அம்மா சாப்பிட்டாள். அவசரமே இல்லை. ஒவ்வொரு வாயையும் மென்று முழுங்கிவிட்டு அடுத்ததை எடுத்தாள். பயறு ஒன்று நாற்காலியில் விழுந்தது. அதையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அவர் எழுந்து வேறு பக்கம் போயிருக்கலாம். போகவில்லை. கரண்டி டப்பாவுக்கும் வாய்க்கும் போய்வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் மருந்துப் பையோடு வந்து, என்னப்பா ஆச்சு என்று கேட்டபோது அவர் எழுந்து என் அறைப் பக்கம் நடந்தார். உள்ளே வந்து உட்கார்ந்ததும் என்னிடம், "அடுத்தது என்னங்க மேடம்?" என்று கேட்டார். அன்றிலிருந்து நான் அவருக்குக் கண்ணு இல்லை. 'ஏ புள்ளே'யும் இல்லை. மேடம். அது என் காதுக்குச் சுகமாக இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து மகள் தனியாக வந்தாள். "அப்பா எல்லாஞ் சொன்னாருங்க. வேற டயட்டீசியனப் பாக்கலாமான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டாரு. நான் உங்க அம்மாகிட்ட வந்து மன்னிப்புக் கேக்கட்டுங்களா?"

"கொட்டச் சொன்னது நீங்க இல்லீங்களே," என்றேன்.

"அப்பாவுக்கு நெனப்பே இல்லீங்க. ஆனா இப்பச் சாப்பிட உக்காந்தா அதையேதான் பேசறாரு. கீரை, கீரைங்கறாரு."

காயை எப்படி இன்னும் நன்றாக வடிக்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

அவர் உடம்பு தேறிவருகிறது. பொட்டாசியம் இறங்கிவிட்டது, கால் வீக்கம் வற்றிவிட்டது. டாக்டர் என்னைக் கூப்பிட்டு, உங்கள் சாப்பாட்டுத் திட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிற நோயாளி இவர் ஒருவர்தான் என்று பாராட்டினார். நல்லது. அவர் சாக வேண்டும் என்று நான் எப்போதும் நினைத்ததில்லை. நீண்ட ஆயுசோடு இருக்கட்டும். ஒவ்வொரு வேளையும் தட்டில் அந்த வெள்ளைச் சோறு இருக்கட்டும்.

அம்மாவுக்கும் ரத்தம் கொஞ்சம் ஏறியிருந்தது. ரிசல்ட்டைச் சொன்னபோது அவள் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"அவன் மறுபடி எப்ப வாரான்?"

"எதுக்கும்மா? அதான் தின்னு காட்டிட்டீங்களே."

"அடுத்த தடவ நெய் கொஞ்சம் எச்சா ஊத்திக் குடு," என்றாள் அம்மா. "வாசம் பத்தல."